கல்வெட்டும் கலியாண அறிவித்தலும்: ஒரு பூட்டியைத் தேடி

2024 பெப்ரவரி 11

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "யாழ்ப்பாணத்துக் குடும்ப வரலாற்றை மூன்று தலைமுறைக்கு மேல் தேட முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருந்த ஆவணங்களும் நூலகத்தோடு எரிந்துவிட்டன. வீணாக மெனக்கெட வேண்டாம்."

இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் குடும்பங்களின் கதை நூலகத்தில் மட்டும் இருக்கவில்லை. சாமியறைத் தட்டில், றங்குப்பெட்டியின் அடியில், செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்து வைத்த மெல்லிய புத்தகங்களில் இருந்தது, இன்னும் இருக்கிறது. நான் கல்வெட்டைச் சொல்கிறேன். தமிழகத்து நண்பர்கள் குழம்ப வேண்டாம். இது கல்லில் வெட்டியது அன்று. இறந்தவரின் 31ஆம் நாள், அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். திதி வெண்பா (இறந்த நாளைச் சொல்லும் பாட்டு), தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் அடைவு உண்டு. "நூலகம்" என்ற பெயருள்ள இணையத்தளத்தில் இப்போது இவற்றை வருடி ஏற்றியிருக்கிறார்கள். முதலில் அங்கே தேடுங்கள்.

2024 பெப்ரவரி 11, இரவு

குடும்பப் பெயர் இல்லாததைக் குறையாகச் சொல்கிறார்கள். தேடுகிறவருக்கு அது சில வேளை உதவியாகவும் இருக்கிறது. தந்தை பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர். எங்கள் வீட்டில் "க. வே." என்றும் "வே. க." என்றும் மாறிமாறி நான்கு தலைமுறைக்கு ஆண்கள் வருகிறார்கள். ஒரு பெயர் கிடைத்தால் மற்றதை ஊகிக்கலாம். ஆபத்தும் அங்கேயேதான்: பாட்டனும் பேரனும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஊர், தொழில், காலம் மூன்றும் பொருந்தாமல் எவரையும் உங்கள் வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.

பெண்களின் பாடு வேறு. கலியாணத்துக்கு முன் தந்தையின் பெயர், பின் கணவனின் பெயர். அவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்பது அந்த ஒரு நாளில் மட்டுமே எழுத்தில் வருகிறது. அதனால்தான் பழைய விவாக அறிவித்தல்களைத் தேடச் சொல்கிறேன். ஆண்களைத் தேட ஆயிரம் வழி உண்டு.

2024 பெப்ரவரி 14

என் தேடல் எதைப் பற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

என் அம்மம்மாவின் தந்தை, அதாவது என் பூட்டன், மலாயாப் புகையிரதப் பகுதியில் லிகிதராக (எழுத்தராக) இருந்து இளைப்பாறி ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதியான வலிகாமத்தில் அப்படி ஒருவர் இல்லாத ஒழுங்கை கிடையாது. 1896இல் மலாய் நாடுகள் கூட்டாட்சியாகி ரயில் பாதையும் அலுவலகங்களும் பெருகியபோது, மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கப்பலேறினார்கள். பணம் வந்தது, கல்வீடு வந்தது, கோயில் தேர் வந்தது.

1950இல் அச்சிட்ட அவருடைய கல்வெட்டு என்னிடம் இருக்கிறது. நான்கு பக்க வாழ்க்கை வரலாறு. எந்த ஆசிரியரிடம் படித்தார், எந்தத் துரையின் கீழ் வேலை பார்த்தார், கோயிலுக்கு என்ன கொடுத்தார், எல்லாம் உண்டு. கலியாணத்துக்கு ஒரே வரி: "உரிய காலத்தில் இல்லறம் ஏற்றார்." மனைவியின் பெயர் அந்த நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. பதினொரு பிள்ளைகளில் எட்டுப் பேரை வளர்த்தெடுத்தவள் அவள். அவர் மலாயாவில் இருந்த காலமெல்லாம் தோட்டத்தையும் வளவையும் பார்த்தவள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

2024 பெப்ரவரி 25

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பில் பத்து நாள் தேடினேன். இணையத்தில் யாரும் பார்க்கலாம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அங்கே இருக்கிறது. 1914இல் தொடங்கிய மலாயா ட்ரிபியூனும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தவரின் இடமாற்றம், விடுமுறை, கலியாணம், மரணம் எல்லாம் இரண்டு மூன்று வரியில் வரும். பெயரை ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். கந்தையா என்ற ஒரு பெயரைக் கே, சி என்று இரண்டு எழுத்திலும் தொடங்கி எழுதியிருக்கிறார்கள். நடுவில் டி, டிஎச் மாறும். கடைசியில் எச் வரும், வராது. ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள்.

பூட்டனின் அறிவித்தல் கிடைத்துவிட்டது. 1909. மூன்று வரி. இன்ன இலாகாவில் வேலை பார்க்கும் இன்னாருக்கும், இன்ன ஊர் உடையாரின் (ஊர்த் தலைமை அதிகாரியின்) மூத்த மகளுக்கும் யாழ்ப்பாணத்தில் கலியாணம். பெண்ணின் பெயர் இதிலும் இல்லை. ஆனால் அவளுடைய தந்தையின் பெயரும் பதவியும் கிடைத்தன. இவ்வளவு நாளும் எங்களுக்கு அதுவும் தெரியாது.

ஒரு சிக்கல்: என் பூட்டி 1971இல் காலமானார். அவருடைய கல்வெட்டு அவரை "இளைய புதல்வி" என்கிறது. பத்திரிகை மூத்த மகள் என்கிறது. பத்திரிகைக்காரர் பிழையாகப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் 3

மேலே கடைசியில் எழுதியது தவறு. அழிக்கவில்லை, அப்படியே விடுகிறேன். இப்படித்தான் அவசரப்பட்டு வழி தவறுகிறோம் என்பது தெரிந்திருக்கட்டும்.

விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி கைக்கு வந்தது. அதில் ஆண்டு 1914, 1909 அன்று. அக்காலத்தில் கூறை கொடுத்துத் தாலி கட்டிய பலர் பதிவுக்குப் போனதில்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பதிந்திருப்பார்கள் என்று முதலில் எண்ணினேன். பிறகு மணமகனின் "விவாக நிலை" என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஒரே சொல்: தபுதாரர்.

சொல் தெரியாதவர்களுக்கு: மனைவியை இழந்தவர். இலங்கை அரசுப் படிவங்களில் இன்றும் உள்ள சொல். விதவைகள், தபுதாரர் ஓய்வூதியம் என்று எங்கள் அலுவலகங்களில் நாள்தோறும் புழங்குகிறது. தொல்காப்பியப் புறத்திணையில் காதலியை இழந்தவன் நிலை தபுதார நிலை, காதலனை இழந்தவள் நிலை தாபத நிலை. அந்தச் சொல் இத்தனை நூற்றாண்டு கடந்து பதிவாளரின் கட்டத்தில் வந்து உட்கார்ந்து, நூற்றுப்பத்து ஆண்டுக்குப் பின் என் முகத்தில் அறைகிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆக, 1909இல் மணந்த மூத்த மகள் இறந்துவிட்டாள். 1914இல் அவளுடைய தங்கையை மணந்தார். அந்தத் தங்கைதான் என் பூட்டி. தமக்கை இறந்தால் தங்கையைக் கொடுப்பது நம் ஊரில் புதிதன்று. ஆனால் எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று எவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

மலாயாவுக்குப் போன இடத்தில் பிள்ளைப்பேற்றில் இறந்திருப்பாள்.

2024 மார்ச் 4

"பிள்ளைப்பேற்றில் இறந்தாள் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். ஆதாரம் இல்லை. மலாயாவுக்கு அவள் போனாள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மனைவியை ஊரிலேயே விட்டுச் சென்றவர்கள் அக்காலத்தில் ஏராளம். அந்த வரியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கேட்டவருக்கு நன்றி.

2024 மார்ச் 10

கிறிஸ்தவக் கிளையைத் தேடும் ஒருவருக்கு: அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்தவர்களை ஒரே பெயரில் தேடாதீர்கள். பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரியின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, எல்லாம் அப்படி வந்த இரட்டைப் பெயர்கள். பள்ளிப் பதிவில் ஒரு பெயர், காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) இன்னொரு பெயர். சைவத்துக்குத் திரும்பியபின் மிஷன் பெயரை விட்டவர்களும் உண்டு. அந்த ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையே 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்று புலவர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டவர். உங்கள் முன்னோரில் யாராவது பாட்டு எழுதியிருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள்.

1889இல் தொடங்கிய இந்து சாதனம் பத்திரிகையையும் விடாதீர்கள். ஊர்ச் செய்திப் பத்திகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தேடுபொறி பழைய எழுத்தைச் சரியாகப் பிடிக்காது.

2024 மார்ச் 19

வீட்டில் ஒரு பழைய கந்தபுராணப் புத்தகம் இருக்கிறது. கோயிலில் புராணபடனத்துக்குக் கொண்டுபோவது. அதன் வெற்றுத் தாள்களில் பிறப்பு இறப்பெல்லாம் குறித்திருக்கிறார்கள். ஒரு வரி: "விரோதிகிருது பங்குனி பூர்வபக்க நவமி, பெண் சிவபதம்." பெயர் இல்லை, "பெண்" மட்டுந்தான்.

அறுபது ஆண்டுச் சக்கரத்தில் விரோதிகிருது 1911. ஆக அவள் இறந்தது 1911.

2024 மார்ச் 19, சற்று நேரம் கழித்து

இல்லை, 1912. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குகிறது. விரோதிகிருது 1911 ஏப்ரலில் பிறந்தது. அதன் பங்குனி வருவது 1912 மார்ச், ஏப்ரலில். தை, மாசி, பங்குனி என்று திதி வெண்பாவில் கண்டால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழியின் பிற்பாதிக்கும் இதே கதைதான். மேலும் விரோதி வேறு, விரோதிகிருது வேறு. முன்னது 1889, 1949. இரண்டையும் ஒன்றாக்கி நான் ஒரு நாள் முழுவதும் வீணாக்கினேன்.

அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதால் தாள், மை, கையெழுத்து மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே கையெழுத்து பூட்டனின் தந்தையுடையது. 1971இல் விரோதிகிருது திரும்பி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

2024 ஏப்ரல் 2

ஒரு வாசகியின் கேள்வி நியாயமானது: "கல்வெட்டு, உறுதி, பத்திரிகை அறிவித்தல் என்கிறீர்களே, காணியும் காசும் இல்லாதவர்களுக்கு என்ன வழி?"

இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதிய காணிப் பதிவேடான தோம்பு காணிக்காரனின் பெயரைத்தான் எழுதியது. அவன் காணியில் பனையேறியவனும் தோட்டம் கொத்தியவனும் பெயராக வரவில்லை. வந்த இடத்திலும் சாதியாகத்தான் வந்தார்கள். கல்வெட்டு அடிக்க அச்சகத்துக்குப் பணம் வேண்டும். அடித்தவர்களும் எல்லாரையும் "கீர்த்தி பெற்ற குடும்பத்தில்" பிறக்க வைத்தார்கள். என் பூட்டனின் நான்கு பக்கத்தில், அவர் தோட்டத்தில் நாற்பது ஆண்டு வேலை செய்த குடும்பத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் குடும்பத்தின் பேத்தி இன்று ஆசிரியை. அவரிடம் போய் உட்கார்ந்தபோது, எங்கள் வீட்டுக் கிணற்றில் அவர்கள் தண்ணீர் அள்ள விடப்படாத கதையை அவர் சொன்னார். எங்கள் கல்வெட்டில் இல்லாத எங்கள் குடும்ப வரலாறு அது. நான் அதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பிறப்பு, இறப்புப் பதிவு, பள்ளிச் சேர்வு இடாப்பு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

2024 ஏப்ரல் 7

கல்வெட்டில் புலம்பல் பகுதியை யாரும் படிப்பதில்லை. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று வரிசையாக வரும். எழுதிக்கொடுத்த புலவர் ஊருக்கெல்லாம் ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கொடுத்திருப்பார் என்று நாமும் தாண்டிவிடுவோம். நானும் இருபது ஆண்டாகத் தாண்டியவள்தான்.

நேற்று 1950ஆம் ஆண்டுக் கல்வெட்டை மறுபடி எடுத்தேன். மனைவி புலம்பலில் ஐந்தாம் பாட்டில் ஓர் அடி: "அக்காள் விட்ட விளக்கேற்ற வந்தேனே."

எழுபத்துநான்கு ஆண்டாக அச்சில் இருந்திருக்கிறது. பூட்டி அந்தப் புலவரிடம் தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இது ஊருக்கெல்லாம் பொருந்தும் அடி அன்று. வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆண்கள் மறைத்ததை அல்லது மறந்ததை அவர் புலம்பலில் வைத்துவிட்டார். முன்பு நான் வாழ்க்கை வரலாற்றைத்தான் முதலில் படியுங்கள் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தேன். மாற்றிக்கொள்கிறேன். புலம்பலை முதலில் படியுங்கள்.

2024 ஏப்ரல் 21

உறுதிகளைப் பற்றி.

1995 ஒக்ரோபர் கடைசியில் போரினால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த மழையில் குஞ்சியம்மா (அம்மாவின் தங்கை) தூக்கிச் சென்றது ஒரே ஒரு துணிப்பை. நகை அதற்குள் கொஞ்சம், மற்றதெல்லாம் காணி உறுதி. அன்றைக்கு நான் அவரோடு கோபித்துக்கொண்டேன்: சாப்பாட்டுச் சாமான் எடுக்காமல் கடதாசியைத் தூக்குகிறீர்களே என்று. இன்று அந்தக் கடதாசியைத்தான் விரித்து வைத்திருக்கிறேன்.

1938இல் அம்மம்மாவின் கலியாணத்துக்கு எழுதிய சீதன உறுதி. நொத்தாரிசின் தமிழ் நீளமான ஒரே வாக்கியமாக ஓடும். மூச்சுப் பிடித்துப் படிக்க வேண்டும். எத்தனை பரப்பு, எத்தனை குழி, கிணற்றில் எவ்வளவு பங்கு, வழி வாய்க்கால் உரித்து, பயன்மரங்கள், நான்கு எல்லையிலும் யார் யார். எல்லைகளை விடாதீர்கள்: "கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னார்" என்று பக்கத்து வளவுப் பெண்களின் பெயர் வரும். வேறெங்கும் இல்லாத பெண்கள் எல்லைக் குறிப்பில் இருக்கிறார்கள்.

காணி தாய்க்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியில் இது இருந்தது: எனது தமக்கை இன்னாருக்குச் சீதனமாகக் கொடுபட்டு, அவர் சந்ததியின்றி இறந்தமையால் எனக்கு உரித்தாகி, என் ஆட்சியில் இருந்து வருவதுமான காணி.

பெயர் முழுதாக இருக்கிறது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை தெரிந்தவர்களுக்கு இந்த வரியின் கனம் புரியும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த அந்தச் சட்டத்தில், சீதனம் பெற்ற பெண் பிள்ளையில்லாமல் இறந்தால் அந்தச் சீதனம் அவளுடைய சகோதரிகளுக்குப் போகும். கணவனுக்குப் போகாது. பிள்ளை இருந்திருந்தால் காணி பிள்ளைக்குப் போயிருக்கும்; தங்கைக்கு வந்திருக்காது. ஆகவே அவளுக்கு உயிரோடு தங்கிய பிள்ளை இல்லை. மார்ச் 3இல் நான் ஊகித்து, மார்ச் 4இல் திருப்பி எடுத்துக்கொண்ட விஷயத்தில் பாதிக்கு இப்போது விடை. எதனால் இறந்தாள் என்பதற்கு இந்த உறுதியில் ஒன்றும் இல்லை.

2024 ஏப்ரல் 22

பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு மூத்தவர் குஞ்சியம்மா. அவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

2024 மே 5

குஞ்சியம்மாவுக்கு எண்பது வயது. உறுதியை அவர் மடியில் விரித்து வைத்து, அந்தப் பெயரில் விரலை வைத்து வாசித்துக் காட்டினேன். கேட்டதும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எந்தக் காணி இது?" என்றார்.

எல்லைகளை வாசித்தேன். வடக்கு ஒழுங்கை, தெற்கு கோயில் காணி.

"இது அக்கா வளவெல்லோ," என்றார்.

எங்களுக்கெல்லாம் அந்த வளவு தெரியும். சின்ன வயதில் நாங்கள் மாங்காய் பொறுக்கிய இடம். வீட்டில் எல்லாரும் அதை அக்கா வளவு என்றுதான் சொல்வோம். குஞ்சியம்மாவின் அக்காவுக்கு, அதாவது என் பெரியம்மாவுக்குப் பின்னர் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தோம். ஆனால் பெரியம்மாவுக்கு அந்தக் காணி எழுதப்பட்டது 1961இல். அதற்கு முன்பே, குஞ்சியம்மா பள்ளிக்கூடம் போகாத வயதிலேயே, பூட்டி அதை அப்படித்தான் அழைத்தார் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். "அக்கா வளவைக் கூட்டிப்போட்டு வாறன் எண்டு ஆச்சி ஈர்க்குமாறு எடுத்துக்கொண்டு போவா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போவா. அங்க வீடுமில்லை, ஒண்டுமில்லை. என்னத்தைக் கூட்டினாவோ."

2024 மே 6

பங்குனி, பூர்வபக்க நவமி. அடுத்த ஆண்டு அந்தத் திதிக்குக் கோயிலில் பெயர் சொல்லி மோட்ச விளக்கேற்றக் குஞ்சியம்மா ஐயரிடம் சொல்லிவிட்டார். வம்சாவளியை நான் திருத்தி எழுதுகிறேன். பூட்டனின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கோடுகள் போகின்றன.

மூன்று தலைமுறைக்கு மேல் தேட முடியாது என்று முதலில் எழுதியவருக்கு: உங்கள் வீட்டில் காரணம் தெரியாமல் வழங்கும் காணிப் பெயர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.